நன்றி மறவாக் கபிலர்

சங்கப் புலவருள் குறிஞ்சித் திணை பாடுவதில் ஒப்பற்றவர் கபிலர். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் சிறப்பை உணர்த்த, 261 அடிகளில் குறிஞ்சிப்பாட்டைப் பாடியவர் அவரே.

பறம்புமலைத் தலைவன் வேள்பாரி அவரை உயிர்நண்பராகப் போற்றினான். மூவேந்தர் பகையால் பாரி மாண்டபின் அவனுடைய மகளிர் இருவரும் ஆதரவற்றனர். கபிலர் அவர்களைத் தம் மக்களாக ஏற்றார். விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்று மணந்துகொள்ள வேண்டினார். இருவரும் மறுத்தனர். கபிலர் மனந்தளரவில்லை.

முடிவில் அம்மகளிரைப் பார்ப்பாரிடம் அடைக்கலமாக ஒப்படைத்து, வடக்கு நோக்கியமர்ந்து உண்ணாநோன்பிருந்தார் எனப் புறநானூற்றுக் குறிப்பு கூறும். பாரிமகளை மலையனுக்கு அளித்தபின் தீப்புகுந்தார் என்கிறது திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் ஆலயத்திலுள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு. முடிவு எதுவாயினும், அக்கடமையை நிறைவேற்றிய பின்னரே அவர் உயிர்விடத் துணிந்தார் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

உதவியவர் வாழுங்காலத்தில் நன்றி கூறுதல் எளிது. அவர் மறைந்து, கைம்மாறாகப் பெற எதுவுமில்லாத வேளையில் அவர் பிள்ளைகளைத் தாங்குவதே செய்ந்நன்றி. எமது ஆலயத்துக்கு உழைத்து மறைந்தோரின் குடும்பங்கள் இன்று எந்நிலையில் உள்ளன என்பதை அடியார்களாகிய நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக.