ஹைதர் அலியை வளர்த்தவர்கள் யார்?

திண்டுக்கல்லுக்கு வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது ஊரின் நடுவே நிற்கும் பெரும் பாறையும் அதன் மேலிருக்கும் மலைக்கோட்டையும்தான். பேகம்பூர்ப் பெரிய பள்ளிவாசலுக்குத் தொழ வரும் முதியவர்கள் ஊரின் பழைய சரித்திரத்தைப் பேசத் தொடங்கினால் ஹைதர் அலியின் பெயர் வராமல் போகாது. சில மாதங்களுக்கு முன் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, மக்தபுக்கும் வராமல், பள்ளிக்கூடத்துக்கும் போகாமல் கடையில் நிறுத்தப்பட்டுவிட்ட பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருவனைப் பற்றி அவனுடைய தகப்பனாரிடம் நாம் விசாரித்தோம். அவர் மலையை நோக்கிக் கை காட்டினார். ஹைதர் அலிக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாது, ஆனாலும் அவர் நாட்டையே ஆளவில்லையா என்று நம்மிடமே திருப்பிக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாமும் அன்று பதில் சொல்லாமல் திரும்பிவிட்டோம். சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறோம்.

அவர் சொன்னது பொய்யல்ல. ஹைதர் அலிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அது அவருடைய வாழ்க்கையின் பாதிதான். மறுபாதியையும் அறிந்தால் அந்த வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடமே வேறாகிவிடும்.

1720-ஆம் ஆண்டு வாக்கில், இன்றைய கர்நாடகத்தின் கோலார் பகுதியிலுள்ள பூதிக்கோட்டையில் ஹைதர் பிறந்தார். தகப்பனார் ஃபதஹ் முஹம்மது ஒரு படைத்தலைவர். ஹைதருக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, 1728 வாக்கில், தகப்பனார் போரில் மாண்டார். அக்காலத்தில் படைத்தலைவன் வீழ்ந்தால் அவனுடைய குடும்பமும் சேர்ந்தே வீழ்ந்தது. அந்தப் பகுதியை ஆண்டவர், ஃபதஹ் முஹம்மது பணம் தர வேண்டியிருக்கிறது என்று சொல்லி வீட்டிலிருந்த பொருள்களைப் பறித்துக்கொண்டார். அதுவும் போதாமல், ஹைதரையும் அவருடைய அண்ணன் ஷஹ்பாஸையும் பெரிய முரசின் உள்ளே அடைத்து, தோலை இறுக்கி வதைத்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

கணவரையும் இழந்து, கைப்பொருளையும் இழந்து, இரண்டு சிறுவர்களோடு நின்ற அந்தத் தாயாரின் நிலையை நம் சகோதரிகள் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த அம்மையார் மனம் உடைந்துவிடவில்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உறவினர்களின் ஆதரவைத் தேடிப் புறப்பட்டார். உறவினர்களும் கதவைச் சாத்தவில்லை. ஆதரவு தந்து, வேலையும் கற்றுக் கொடுத்து, மைசூர் அரசின் படையில் சேர வழி செய்தார்கள். யத்தீமான பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கும் குடும்பம் இருந்ததால்தான் அந்தப் பிள்ளை தெருவில் அலையாமல் தப்பியது. ஹைதரை வளர்த்த முதல் கை இது.

இரண்டாவது கை படைமுகாம். கன்னடம் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர், மராட்டியர், தமிழர் என்று பலரும் கலந்திருந்த முகாமில் அவர் வளர்ந்தார். தாய்மொழியான உருதுவோடு கன்னடம், தெலுங்கு, மராட்டி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளையும் தடையின்றிப் பேசும் ஆற்றல் அங்கே கிடைத்தது. எந்த உஸ்தாதும் கிதாபை விரித்து அவருக்கு இவற்றைக் கற்பிக்கவில்லை. ஆனால் முகாம் நல்லதை மட்டும் கற்றுக் கொடுக்கவில்லை. கொள்ளையும், வஞ்சகமும், எதிரியிடம் இரக்கமில்லாமையும் அங்கே அன்றாடப் பாடங்களாக இருந்தன. அவற்றையும் அவர் கற்றார்.

முப்பது வயதை நெருங்கிய காலத்தில், 1749-ல் நடந்த தேவனஹள்ளி முற்றுகையில் அவருடைய வீரம் வெளிப்பட்டது. மைசூரின் அமைச்சர் நஞ்சராஜர் அவரைக் கவனித்து, ஒரு சிறு படைக்குத் தலைவராக்கினார். திருச்சிராப்பள்ளியைப் பிடிக்க மைசூர்ப் படை முயன்ற ஆண்டுகளில் ஹைதரின் பெயர் உயர்ந்தது. 1755-ல் அவர் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக நியமிக்கப்பட்டார்.

திண்டுக்கல் அப்போது மைசூரின் தெற்கு எல்லை. பழனி, விருப்பாட்சி முதலிய பாளையங்களிலிருந்து கப்பம் ஒழுங்காக வரவில்லை. அவற்றை அடக்குவதற்காகவே ஹைதர் இங்கே அனுப்பப்பட்டார். வந்த வேலையை முடித்ததோடு, பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு இங்கே ஓர் ஆயுதச் சாலையை ஏற்படுத்தி, பீரங்கிப் படையையும் பலப்படுத்தினார். பிற்காலத்தில் ஆங்கிலேயரைக் கலங்கச் செய்த படையின் அஸ்திவாரம் நம் மலையடிவாரத்தில் போடப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது. அவருடைய சகோதரி அமீருன்னிஸா பேகம் அடக்கமாகியிருப்பதும் இங்கேதான். பேகம்பூர் என்ற பெயரே அந்த அம்மையாரால் வந்தது.

இனி, அந்தத் தகப்பனார் அறியாத பகுதிக்கு வருவோம். எழுதத் தெரியாத பௌஜ்தாருக்குக் கணக்கெழுத ஓர் ஆள் வேண்டியிருந்தது. கண்டே ராவ் என்ற பிராமணர் அந்தப் பொறுப்பில் இருந்தார். கெட்டிக்காரர். வருவாயும் செலவும் கடிதங்களும் அவருடைய பேனாவின் வழியாகவே ஹைதருக்குத் தெரிந்தன. படையின் எண்ணிக்கையையும் காயம்பட்டவர்களின் தொகையையும் கூட்டிக் காட்டி அரசிடம் அதிகப் பணம் பெற்றதாக இருவர் மீதும் வரலாற்றாசிரியர்கள் குற்றம் சாட்டுகிறார்கள். கணக்கில் பொய்யைச் சேர்க்கத் துணிந்த பேனா, ஒரு நாள் தனக்கு எதிராகவும் திரும்பும் என்பதை ஹைதர் அப்போது எண்ணவில்லை.

1760-ல் அந்த நாள் வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கண்டே ராவ் அரண்மனையோடு சேர்ந்துகொண்டு ஹைதருக்கு எதிராகத் திரும்பினார். குடும்பத்தாரைக் கோட்டையிலேயே விட்டுவிட்டு, இரவோடு இரவாகக் காவேரியைக் கடந்து ஹைதர் தப்பி ஓட வேண்டியதாயிற்று. விட்டுப்போன குடும்பத்தில் பத்து வயதுகூட நிரம்பாத சிறுவன் திப்புவும் இருந்தான். அடுத்த ஆண்டே, 1761-ல், ஹைதர் மீண்டு வந்து ஆட்சிப் பொறுப்பைக் கைப்பற்றினார். மைசூர் மன்னரின் வம்சத்தை அரியணையில் இருக்க விட்டு, அதிகாரத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டார். பிடிபட்ட கண்டே ராவை இரும்புக் கூண்டில் அடைத்து வைத்தார். இந்தக் கொடுமையை நாம் நியாயப்படுத்த முடியாது. சிறு வயதில் முரசுக்குள் அடைபட்ட பிள்ளை, பெரியவனாகி இன்னொருவரைக் கூண்டுக்குள் அடைத்தான். பிள்ளைப் பருவத்தில் ஏறிய விஷம் இறங்குவது எத்தனை கடினம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எழுத்தறியாத குறையை ஹைதர் வேறு வழிகளில் ஈடுகட்டினார் என்பது உண்மை. கேட்டதை மறக்காத நினைவாற்றல் அவருக்கு இருந்தது. ஒரே நேரத்தில் ஒருவர் கடிதம் படிக்க, இன்னொருவர் செய்தி சொல்ல, மற்றொருவருக்கு உத்தரவிடும் திறமையைக் கண்டு அந்நியரும் வியந்தார்கள். ஆனால் ஒரு நாட்டின் தலைவர் தன் பெயரின் முதல் எழுத்தான ஹே என்ற ஒன்றை மட்டும் சிரமப்பட்டுப் பழகி, அதையும் தலைகீழாக எழுதியே கையொப்பமிட்டார். அந்த ஓர் எழுத்துக்காக அவர் பட்ட பாட்டை அறிந்தவர், எழுத்து வேண்டாம் என்பதற்கு அவரைச் சாட்சிக்கு அழைக்க மாட்டார்.

அப்படி அழைக்கக் கூடாது என்பதற்கு ஹைதரின் வீட்டிலேயே வலுவான சாட்சி இருக்கிறது. 1750-ஐ ஒட்டித் தேவனஹள்ளியில் பிறந்த மகனுக்கு, ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் வலியுல்லாஹ்வின் பெயரைச் சூட்டினார்கள். நான் படிக்கவில்லை, இவனும் படிக்க வேண்டாம் என்று அந்தத் தகப்பனார் நினைக்கவில்லை. குர்ஆன் ஓதவும், மார்க்கச் சட்டங்களை அறியவும், அரபி, பார்சி, கன்னடம் முதலிய மொழிகளைக் கற்கவும் உஸ்தாதுகளை ஏற்பாடு செய்தார். குதிரையேற்றமும் போர்ப் பயிற்சியும் காஸி கான் என்ற வீரரிடம் கிடைத்தன. திப்பு சுல்தான் 1799 மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரிட்டு ஷஹீதானபோது, அவருடைய நூலகத்தில் சுமார் 2,000 கையெழுத்து நூல்கள் இருந்தன. தன் பெயரை முழுதாக எழுதத் தெரியாதவரின் மகன் விட்டுச் சென்ற சொத்து அது!

மகன்களுக்கு மட்டுமா கல்வி? நம் வட்டாரத்து இன்னொரு நிகழ்ச்சியைப் பாருங்கள். 1772-ல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் ஆங்கிலேயப் படையால் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி வேலு நாச்சியார் விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்து, திண்டுக்கல்லில் ஹைதர் அலியின் உதவியை நாடினார். இராமநாதபுரம் சேதுபதி வீட்டில் ஒரே மகளாகப் பிறந்த அவருக்குப் பெற்றோர் ஆயுதப் பயிற்சியும் பல மொழிகளும் கற்பித்திருந்தார்கள். அவர் உருதுவிலேயே பேசித் தன் நிலையை விளக்கியதைக் கேட்டு ஹைதர் வியந்தார் என்று இன்றும் சொல்லப்படுகிறது. ஹைதரின் துணையோடு 1780-ல் அவர் தன் நாட்டை மீட்டார். ஒரு வீட்டார் தங்கள் மகளுக்குக் கற்பித்த கல்வி, அவள் அனாதரவாக நின்ற நாளில் அவளுக்குக் கை கொடுத்தது.

ஹைதரின் பிற்கால வெற்றிகள் பலரும் அறிந்தவை. 1769-ல் அவர் சென்னையின் வாசல்வரை வந்து ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இணங்க வைத்தார். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் அவர்களுடைய படையொன்றை முறியடித்தார். அடுத்த ஆண்டு பரங்கிப்பேட்டையில் தோல்வியும் கண்டார். முதுகில் தோன்றிய கட்டியால் துன்புற்று, 1782 டிசம்பர் 7-ஆம் நாள் சித்தூருக்கு அருகே முகாமில் வஃபாத்தானார். மலபார்க் கரையிலிருந்த திப்பு வந்து சேரும்வரை மரணச் செய்தியை அதிகாரிகள் மறைத்து வைத்தார்கள். அந்த அதிகாரிகளில் பூர்ணய்யா என்ற பிராமணரும் ஒருவர். ஒரு பேனா துரோகம் செய்த வீட்டில் இன்னொரு பேனா விசுவாசமாக நின்றது. குற்றம் இனத்தில் இல்லை, மனிதனில்தான் இருக்கிறது என்பதையும் இது காட்டுகிறது.

குழந்தை தூய இயல்போடு பிறக்கிறது என்றும், அதைத் திருப்புகிறவர்கள் பெற்றோர் என்றும் நம் மார்க்கம் கற்பிக்கிறது. ஹைதருக்குத் தாய் துணிவைத் தந்தார். உறவினர் ஆதரவைத் தந்தார்கள். முகாம் மொழிகளையும் வீரத்தையும், அவற்றோடு கல்நெஞ்சையும் தந்தது. எழுத்தை மட்டும் யாரும் தரவில்லை. எழுத்தில்லாமல் நாடாளும் நினைவாற்றலை அல்லாஹ் லட்சத்தில் ஒருவருக்குத் தருகிறான். கடையில் நிற்கும் நம் பிள்ளைக்கு அது தரப்பட்டிருக்கிறது என்று நமக்கு யார் வாக்குக் கொடுத்தார்கள்? நாளை அவன் கையெழுத்திடும் பத்திரத்தை அவனுக்கு யார் படித்துச் சொல்வார்கள்? அந்த ஆள் கண்டே ராவாக இருப்பாரா, பூர்ணய்யாவாக இருப்பாரா?

ஆகவே அந்தச் சகோதரருக்கு நாம் சொல்வது இதுதான். மலையைப் பார்த்து ஹைதரைப் பின்பற்ற விரும்பினால், அவர் தகப்பனாக நடந்துகொண்ட விதத்தைப் பின்பற்றுங்கள். தமக்குக் கிடைக்காததை மகனுக்குத் தேடித் தந்தார் அவர். உங்கள் மகனைக் காலையில் பள்ளிக்கூடத்துக்கும் மாலையில் மக்தபுக்கும் அனுப்பிவிட்டு, பிறகு வேண்டுமானால் ஒரு மணி நேரம் கடையில் உட்கார வையுங்கள். மகளையும் அனுப்புங்கள்.

நம் வீடுகளில் இல்லாமல் போன வெளிச்சத்தை நம் பிள்ளைகள் வழியாக ஏற்றிவைக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.