23 வயதில் மறைந்தார். ஜப்பானை உருக வைத்தார்!

ஜப்பான் நாட்டில் ஒரு பாட்டு உண்டு. 'கோஜோ நோ ட்சுகி' என்பது அதன் பெயர். பாழடைந்த கோட்டையின் மேல் காயும் நிலவு என்று பொருள். அது காதல் பாட்டு அல்ல. தாலாட்டும் அல்ல. ஆனாலும் அதைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள் பல லட்சம் பேர்.

பாட்டுக்கு இசை அமைத்தவருக்கு அப்போது வயது 21. அவர் பெயர் தாகி ரெண்டாரோ. (ஜப்பானில் குடும்பப் பெயர் முன்னே வரும். 'தாகி' என்பது குடும்பப் பெயர்.) இன்னும் இரண்டே ஆண்டுகளில் அவர் காலமாகப் போகிறார் என்று அன்று யாருக்குத் தெரியும்?

ஊர் ஊராக

ரெண்டாரோ 1879ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ந் தேதி டோக்கியோவில் பிறந்தார். வீட்டுக்கு மூத்த மகன். தந்தை அரசாங்க அதிகாரி. அவருடைய முன்னோர்கள் ஹிஜி என்ற சிறிய சமஸ்தானத்தில் உயர்ந்த பதவி வகித்தவர்கள். சமஸ்தானங்கள் 1871இல் ஒழிக்கப்பட்டன. வாள் ஏந்திய குடும்பங்கள் பேனா பிடிக்க வேண்டியதாயிற்று.

தந்தைக்கு அடிக்கடி வேலை மாற்றம். யோகஹாமா, டோயாமா, ஓய்டா என்று குடும்பமும் கூடவே போயிற்று. கடைசியாக டகேடா என்ற மலையூருக்கு வந்து சேர்ந்தார்கள். ரெண்டாரோவுக்கு அப்போது வயது 12.

அந்த ஊரில் குன்றின் மேல் 'ஓகா' என்ற கோட்டை இருந்தது. இருந்தது என்பதைவிட, இல்லாமல் போயிருந்தது என்றே சொல்லலாம். புதிய அரசாங்கம் வந்த பின் 1874இல் அதன் கட்டடங்களை இடித்துவிட்டார்கள். மிஞ்சியவை கல் மதில்கள்தான். மதில்களின் மேல் கொடி படர்ந்திருந்தது. சுற்றிலும் மரங்கள். சிறுவன் ரெண்டாரோவின் கண்ணில் தினமும் பட்ட காட்சி இது.

மகன் தன்னைப் போல உத்தியோகத்துக்குப் போகவேண்டும் என்று தந்தை விரும்பினார். மகனோ சங்கீதம் படிக்க ஆசைப்பட்டான். பாட்டுப் பாடிப் பிழைப்பதா என்று அந்தக் காலத்துத் தந்தை தயங்கியதில் ஆச்சரியம் இல்லை. நல்ல வேளையாக, உறவில் அண்ணன் முறையான டாய்கிச்சி என்பவர் டோக்கியோவில் கட்டடக் கலை நிபுணராக இருந்தார். அவர் பேசிச் சம்மதிக்க வைத்தார்.

1894இல் டோக்கியோ சங்கீதப் பள்ளியில் ரெண்டாரோ சேர்ந்தார். வயது 15. நான்கு ஆண்டுகளில் படிப்பை முடித்தார். அதே பள்ளியில் மேற்படிப்பு. பிறகு பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலை.

இரவல் மெட்டு

அக்காலத்து ஜப்பானியப் பள்ளிக்கூடங்களில் ஒரு விசித்திரம் இருந்தது. பிள்ளைகள் பாடிய பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மெட்டு ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்து மெட்டு ஒன்றை எடுத்து, அதற்குள் ஜப்பானியச் சொற்களைப் போட்டு அடைப்பார்கள். சட்டை ஒருவருடையது, உடம்பு இன்னொருவருடையது! சொல் நீள வேண்டிய இடத்தில் மெட்டு குறுகும்.

ஜப்பானியச் சொல்லுக்கு ஜப்பானியரே மெட்டுப் போட வேண்டும் என்று ரெண்டாரோ நினைத்தார். நினைத்ததோடு நிற்கவில்லை. 1900இல் 'நான்கு பருவங்கள்' என்ற பாட்டுத் தொகுதியை வெளியிட்டார். வசந்த காலத்தில் சுமிடா ஆற்றங்கரையில் செர்ரி மலர் பூத்துக் குலுங்குவதைச் சொல்லும் 'ஹானா' என்ற பாட்டு அதில்தான் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் ஜப்பானில் அதைப் பாடுகிறார்கள். மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்காகவும் அவர் மெட்டுகள் போட்டார். புத்தாண்டு எப்போது வரும் என்று நாள் எண்ணும் பாட்டு அவற்றில் ஒன்று.

கோட்டையும் நிலவும்

நடுநிலைப் பள்ளிகளுக்குப் பாட்டுப் புத்தகம் தயாரிக்க சங்கீதப் பள்ளி ஏற்பாடு செய்தது. கவிஞர்களிடம் பாட்டு வாங்கி, மெட்டுப் போடுகிறவர்களை அழைத்தார்கள். ரெண்டாரோ மூன்று மெட்டுகள் அனுப்பினார். மூன்றுமே தேர்வாயின. அதில் ஒன்றுதான் 'கோஜோ நோ ட்சுகி'.

பாட்டை எழுதியவர் டோய் பன்சூயி என்ற கவிஞர். சென்டாய் நகரத்துக்காரர். தம் ஊர்க் கோட்டையையும், அய்சு என்ற ஊரின் கோட்டையையும் நினைத்து எழுதினார். அய்சு கோட்டை சாதாரணமானதல்ல. 1868 உள்நாட்டுப் போரில் ஒரு மாதம் முற்றுகையைத் தாங்கிய பிறகு விழுந்தது. அந்தத் துயரத்தை நேரில் கண்டவர்கள், பாட்டு வெளிவந்தபோது உயிரோடு இருந்தார்கள். ஒரு காலத்தில் விருந்தும் விளக்குமாக இருந்த இடம் இன்று வெறிச்சோடிக் கிடக்கிறது. நிலவு மட்டும் அன்று போலவே காய்கிறது. இதுதான் பாட்டின் கருத்து. தன் வீடு இடிந்ததைப் பார்த்தவனுக்கு இதைக் கேட்டால் நெஞ்சு அடைக்காதா?

கவிஞர் வேறு கோட்டைகளை நினைத்தார். மெட்டுப் போட்டவர் மனத்தில் டகேடாவின் கோட்டை இருந்தது. அதுவரை இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை!

1901 மார்ச்சில் புத்தகம் வெளிவந்தது. ஏப்ரலில் ரெண்டாரோ கப்பல் ஏறிவிட்டார்.

ஜெர்மனியில்

அரசாங்கச் செலவில் ஜெர்மனியில் மேற்படிப்பு. லைப்சிக் நகரத்துச் சங்கீதக் கல்லூரியில் அக்டோபரில் சேர்ந்தார். மேதை மெண்டல்சன் 1843இல் தொடங்கிய கல்லூரி அது. பெரிய வாய்ப்பு. ஆனால் இரண்டு மாதம்கூட நிலைக்கவில்லை. நவம்பர் கடைசியில் சளி பிடித்தது. சாதாரணச் சளி என்று நினைத்தது க்ஷயரோகமாக முடிந்தது. அந்த நோயின் கிருமியை 1882இல் கண்டுபிடித்ததும் இதே ஜெர்மனியில்தான். ஆனால் கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கிடைக்க 1943 வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. ரெண்டாரோவால் காத்திருக்க முடியுமா?

பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஊருக்குத் திரும்பும்படி உத்தரவு வந்தது. 1902 ஆகஸ்டில் அவர் ஏறிய கப்பல் லண்டன் அருகே டில்பரி துறைமுகத்தில் நின்றது. அப்போது இங்கிலாந்தில் இருந்த கவிஞர் டோய், செய்தி கேட்டு வந்து கப்பலில் அவரைப் பார்த்தார். பாட்டை எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் சந்தித்தது அந்த ஒரே தடவைதான். கவிஞர் 1952 வரை வாழ்ந்தார்.

கடைசி இசை

ரெண்டாரோ அக்டோபரில் ஜப்பான் வந்து சேர்ந்தார். அவருக்காகத் தந்தையிடம் பரிந்து பேசிய டாய்கிச்சி அடுத்த மாதமே இறந்து போனார். ரெண்டாரோ ஓய்டாவில் இருந்த பெற்றோர் வீட்டுக்குப் போனார்.

1903 பிப்ரவரியில், படுக்கையில் கிடந்த நாட்களில், பியானோவுக்காக ஒரு சிறிய இசை எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'உராமி'. தீராத ஏக்கம், மனக்குறை என்று சொல்லலாம். சொற்களே இல்லாத அந்த இசை, என் எண்ணத்தில், கோட்டைப் பாட்டைவிட அதிகமாக மனத்தைப் பிசைகிறது. ஜூன் 29ந் தேதி அவர் காலமானார். வயது 23.

அவர் எழுதி வைத்திருந்த தாள்களில் பல, நோய்க்குப் பயந்து எரிக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். இன்று கிடைப்பவை முப்பதுக்குச் சற்று அதிகம்.

கோட்டைப் பாட்டை 1917இல் யமடா கோசாகு என்ற இசையமைப்பாளர் திருத்தினார். மூலத்தில் பக்க வாத்தியம் கிடையாது. அவர் பியானோ சேர்த்தார். ஓட்டத்தை மெதுவாக்கினார். ஓரிடத்தில் ஒரு சுரத்தை அரைப் படி இறக்கினார். அழவைக்கும் பாட்டாக ஊரெங்கும் பரவியது இந்தத் திருத்தம்தான். அந்த அரைப் படி கூடியிருந்த மூலமே மேல் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. நானும் அந்தக் கட்சி. 1967இல் அமெரிக்க ஜாஸ் மேதை தெலோனியஸ் மங்க் இதைப் பியானோவில் வாசித்து இசைத்தட்டாக்கினார்.

ஓகா கோட்டையில் ரெண்டாரோவுக்குச் சிலை இருக்கிறது. செய்தவர் அசாகுரா ஃபூமியோ என்ற புகழ்பெற்ற சிற்பி. டகேடா பள்ளியில் ரெண்டாரோவுக்குச் சில வகுப்பு கீழே படித்தவர். மலையடிவார ரயில் நிலையத்தில் வண்டி வந்து நிற்கும்போது, ஒலிபெருக்கியில் அந்த மெட்டைப் போடுகிறார்கள்.