விளக்கேந்திய அம்மையார்

கையில் விளக்குடன் நோயாளிகளைச் சுற்றிவந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை அறியாதார் இலர். அவருக்குப் பெரிய பாடம் கற்பித்தது ஒரு சாக்கடை என்பதைச் சிலரே அறிவர்.

1820-ல் செல்வக் குடியிற் பிறந்த இவர், வீட்டார் தடுத்தும் தாதித் தொழிலை ஏற்றார். 1854-ல் கிரிமியப் போரின்போது துருக்கியிலுள்ள ஸ்குத்தாரி ஆஸ்பத்திரிக்குச் சென்றார். பெர்மாண்ட்சி மடத்துத் தலைவி கிளேர் மூர் தாயாரும் அவருடைய கன்னியரும் உடன் உழைத்தனர். தாயாரும் அம்மையாரும் உற்ற தோழியராயினர்.

இராப்பகலாய்ப் பாடுபட்டும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். பெரும்பாலோரைக் கொன்றது குண்டடியல்ல, பேதியும் காய்ச்சலுமே. கட்டடத்தின் அடியிலேயே சாக்கடை தேங்கி நாறிற்று! மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் அதை அள்ளிச் சுத்தம் செய்தனர். ஜூனில் இறந்தோர் நூற்றுக்கு இருவர்தாம். ஊர் திரும்பி இக்கணக்கைப் பார்த்தபோது அம்மையார் மனம் வாடினார். அன்பான பணிவிடையோடு, வியாதியை வருமுன் தடுப்பதும் தாதியின் கடமை என்று உறுதி கொண்டார்.

இந்தியாவுக்கு அவர் வந்ததேயில்லை. ஆயினும் நம் கிராமங்களின் குடிநீர், சாக்கடை பற்றிப் பல ஆண்டுகள் எழுதிவந்தார். 1892-ல் இங்கிலாந்தின் பக்கிங்காம் ஜில்லாவில், வீடுவீடாகச் சென்று தாய்மாருக்குச் சுகாதாரம் கற்பிக்கப் பெண்களைப் பழக்குவித்தார். நம் கொங்கு நாட்டு ஊர்களில் வாசற்படி ஏறி, குழந்தைக்கு ஊசி போட்டாயிற்றா, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறீர்களா என்று விசாரிக்கும் கிராம சுகாதார நர்சும் அவ்வழி வந்தவரே. அம்மையார் 1910-ல், தமது 90-ஆம் வயதில் காலமானார்.