தங்கையைப் பறித்த கேன்சர்… 12 படுக்கையில் தொடங்கிய அடையாறு ஆஸ்பத்திரி! யார் இந்த முத்துலட்சுமி ரெட்டி?

பர்கூர் பக்கம் கர்ப்பிணிகளுக்கு இந்தப் பெயர் பழக்கம்தான். அரசு தரும் மகப்பேறு நிதியுதவித் திட்டமே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில்தான் இருக்கிறது. ஆனால், கேன்சர் என்றதும் இங்கிருந்து பலர் பஸ் ஏறிப்போகும் சென்னை அடையாறு ஆஸ்பத்திரி உருவாகக் காரணமும் இவர்தான் என்பது பலருக்குத் தெரியாது.

யார் இவர்?

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். வயசுக்கு வந்த பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. அதைத் தாண்டி மகாராஜா கல்லூரியில் படித்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1927-ல் சென்னை மாகாண சட்டசபையின் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார்.

வாழ்க்கையை மாற்றிய மரணம்

1920-களின் தொடக்கத்தில் தங்கை மலக்குடல் கேன்சரால் இறந்துபோனார். அக்கா டாக்டர்தான். ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை. அந்த வலியோடு 1925-ல் லண்டன் போனவர், அங்கே கேன்சர் சிகிச்சை முறைகளைக் கற்றுக்கொண்டார். இங்கேயும் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் வெளிப்படையாகச் சொன்னார்.

அது நிறைவேற 19 வருஷம் ஆனது. 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18-ல் வெறும் 12 படுக்கைகளுடன் கேன்சர் இன்ஸ்டிட்யூட் திறக்கப்பட்டது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். மகப்பேறு, மகளிர் மருத்துவம் படித்த டாக்டர் சாந்தா, அரசு வேலையை விட்டுவிட்டு அடுத்த வருஷம் வந்து சேர்ந்தார்.

இன்று என்ன மாறியிருக்கிறது?

சினைப்பை கேன்சரையே எடுத்துக்கொள்வோம். ஆரம்பத்திலேயே தெரிந்தால் கீஹோலா, ஓப்பனா என்று யோசிக்க முடிகிறது. கீஹோலில் சின்னத் துளைகள் வழியாக ஆபரேஷன் நடக்கும். வலி குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம். ஓப்பனில் வயிற்றை நீளமாகத் திறப்பார்கள். டாக்டர் வயிறு முழுக்கக் கையால் தொட்டுப் பார்க்கலாம், கட்டியை உடையாமல் எடுப்பதும் சுலபம். கட்டி உள்ளேயே உடைந்தால் நோயின் நிலை ஒரு படி ஏறலாம், கீமோ தேவைப்படலாம். அதனால் தழும்பு சின்னதா பெரிதா என்பதைவிட, கட்டி முழுசாக வெளியே வருவதுதான் முக்கியம். கட்டியின் அளவையும் பரவலையும் பார்த்து கேன்சர் சர்ஜன்தான் முடிவெடுப்பார்.

ஆனால், இந்த நோய் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் தெரிகிறது. வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர். இதை கேஸ் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். வாரக்கணக்கில் நீடித்தால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

1968 ஜூலை 22-ல், 81 வயதில் முத்துலட்சுமி காலமானார். தங்கைக்குக் கிடைக்காத சிகிச்சை, இன்று பர்கூரில் இருந்து ஒரு ராத்திரி பஸ் பயணத்தில் கிடைக்கிறது. நேரத்தோடு கிளம்புவது மட்டும் நம் கையில்.