புல் மகரந்தத்தை 'யூனிட்' போட்டு அளந்த டாக்டர்: யார் இந்த லியோனார்ட் நூன்?

அலர்ஜிக்கு ஊசி போடும் முன் ஒரு டாக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டிய விஷயம், குப்பியில் இருக்கும் மருந்தின் வீரியம். குறைந்தால் பலன் இல்லை. கூடினால் உயிருக்கே ஆபத்து. 110 வருஷத்துக்கு முன்பே இதற்கு எண்ணில் பதில் தேடியவர் லியோனார்ட் நூன்.

கோடை வந்தாலே தும்மல்

இங்கிலாந்தில் கோடையில் புல் பூக்கும்போது பலருக்கு மூக்கு ஒழுகும், கண் அரிக்கும். இதுதான் ஹே ஃபீவர். காரணம் புல் மகரந்தம் என்பதை மான்செஸ்டர் டாக்டர் சார்லஸ் பிளாக்லி தன் உடம்பிலேயே சோதித்து, 1873-ல் புத்தகமாக வெளியிட்டார். காரணம் தெரிந்துவிட்டது. சிகிச்சை?

1877-ல் பிறந்த நூன், லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் ஆல்ம்ராத் ரைட்டின் தடுப்பூசி ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தார். மகரந்தச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊசியில் ஏற்றினால் உடம்பு பழகிவிடும் என்பது அவர் கணிப்பு.

எப்படி அளந்தார்?

திமோதி என்ற புல்லின் மகரந்தத்தில் இருந்து நூன் சாறு எடுத்தார். ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு மகரந்தம் தரும் சாறுதான் 1 யூனிட். அதாவது, 1 கிராம் மகரந்தத்தில் 10 லட்சம் யூனிட்!

அடுத்து, வெவ்வேறு வீரியத்தில் அந்தச் சாற்றைக் கண்ணில் சொட்டுவிட்டுப் பார்த்தார். ஹே ஃபீவர் உள்ளவர்களுக்குக் கண் சிவந்தது. இல்லாதவர்களுக்கு அதே சொட்டு எதுவும் செய்யவில்லை. எந்த வீரியத்தில் கண் சிவக்கிறது என்பதை வைத்து, ஊசி பலன் தருகிறதா என்று கணக்கிட்டார். டோஸ் அதிகமானால் அலர்ஜி கூடிவிடும் என்றும் எச்சரித்தார்.

1911 ஜூனில் 'லான்செட்' இதழில் அவர் கட்டுரை வந்தது. ஆனால் காசநோய் அவரை விடவில்லை. 1913-ல், 35 வயதிலேயே இறந்துபோனார். வேலையைத் தொடர்ந்தவர் சக டாக்டர் ஜான் ஃப்ரீமேன்.

இப்போது என்ன நிலை?

மகரந்தத்தில் விஷம் இருப்பதாக நூன் நினைத்தார். அது தப்பு. அலர்ஜியைக் கிளப்புவது அதில் உள்ள புரதங்கள். அவர் யூனிட்டிலும் ஒரு குறை உண்டு. ஒரே எடையுள்ள இரண்டு மகரந்த மாதிரிகளில் புரதம் ஒரே அளவில் இருக்காது.

அதனால் இன்றைய லேப்கள் எடையை மட்டும் நம்புவதில்லை. திமோதி புல்லின் முக்கியமான புரதங்களில் ஒன்றான 'பிஎச்எல் பி 5'-ஐ எலைசா சோதனையில் நேரடியாக அளக்கின்றன. அந்தச் சோதனைக்கும் பரீட்சை உண்டு. அளவு தெரிந்த மாதிரியைக் கொடுத்தால் சரியாகச் சொல்கிறதா? வேறு புரதத்தைப் பார்த்து ஏமாறுகிறதா? வேறு லேபில், வேறு நாளில் செய்தாலும் அதே விடை வருகிறதா? இதில் பாஸானால்தான் அந்த எண்ணை நம்பி டோஸ் முடிவு செய்யலாம்.

நூனின் யூனிட்டை விட நுட்பமான அளவுகோல்கள் வந்துவிட்டன. ஆனால் அளந்துவிட்டுத்தான் ஊசி என்ற அவர் போட்ட விதி இன்னும் மாறவில்லை.