மேதையை வாட்டிய நோய்

சித்தூரிலிருந்து மருத்துவம் பயில வந்த எனக்குக் கணித மேதை இராமானுசனின் வாழ்வே ஒரு பாடம்.

1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1917-இல் நோயுற்றார், விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது. மருத்துவர்கள் முதலில் வயிற்றுப்புண் என்றனர். பிறகு காசநோய் என்றனர். 1918-இல் ராயல் சங்க உறுப்பினரானார். 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-இல், 32 வயதில், சென்னையில் மறைந்தார்.

1994-இல் யங் என்னும் ஆய்வாளர், அது ஈரலைப் பற்றிய அமீபா நோயாகவே இருந்திருக்க வேண்டும் என்று எழுதினார். முன்பு கண்ட சீதபேதியே அதற்கு வேர் என்பது அவர் கருத்து. ஈரற்கட்டி மேலெழுந்தால் இருமலும் நெஞ்சுவலியும் வரும். காசநோயோ முதுகெலும்பையும் சிறுநீரகத்தையும் கூடத் தாக்கும். துன்பம் தோன்றும் உறுப்பு ஒன்று. நோய் வேரூன்றிய உறுப்பு மற்றொன்று. அமீபா நோய்க்கு எமெட்டீன் என்ற மருந்து 1912-லேயே கல்கத்தாவில் பயன்பட்டது.

தோழர்களே, நோயாளியின் பழைய நோய்களையும் கேட்டறிவோம்!