தாங்கிய கைகள்

கல்கத்தாவின் கார்ன்வாலிஸ் வீதியில் 1870-களில் ஓர் உடற்பயிற்சிக் கூடம் இருந்தது. நவகோபால் மித்ரர் என்ற தேசபக்தர் அதனை நடத்தி வந்தார். அடிமைப்பட்ட நாட்டின் பிள்ளைகள் முதலில் உடலால் நிமிர்ந்து நிற்கப் பழக வேண்டும் என்பது அவரது எண்ணம். சிமுலியாப் பகுதிச் சிறுவர்கள் பலர் அங்கு வந்து பயின்றனர். அவர்களுடைய ஆர்வத்தைக் கண்ட மித்ரர், கூடத்தைப் பராமரிக்கும் பொறுப்பையும் பெரும்பாலும் அவர்களிடமே விட்டுவிட்டார். அந்தச் சிறுவர்களுக்குத் தலைவனாக விளங்கியவன் நரேந்திரன். வயதினாலோ எவரும் நியமித்ததாலோ வந்த தலைமையன்று அது. விளையாட்டானாலும் குறும்பானாலும் முதலில் இறங்குபவன் அவன். மற்றவர்கள் தாமாகவே அவன் பின்னால் சென்றார்கள்.

ஒரு நாள் அங்கே ட்ரபீஸ் என்னும் ஊசல் கம்பிக்கான கனத்த மரச்சட்டத்தை நிறுத்த முயன்றார்கள். சிறுவர்களின் பலத்துக்கு அது அடங்கவில்லை. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது, உதவத்தான் எவருமில்லை. கூட்டத்தில் திடகாத்திரமான ஆங்கிலேய மாலுமி ஒருவர் நின்றிருந்தார். நரேந்திரன் சற்றும் தயங்காமல் அவரிடம் சென்று உதவி கேட்டான். அவரும் மகிழ்ச்சியுடன் கைகொடுக்க வந்தார். சட்டம் மெல்ல மேலெழுந்தது. அந்த நேரம் பார்த்து அது சரிந்து மாலுமியின் மீது விழுந்தது. அவர் இரத்தம் பெருக நினைவிழந்து கிடந்தார்.

அவர் இறந்துவிட்டார் என்றே எல்லோரும் எண்ணினார்கள். கணப்பொழுதில் கூட்டம் கலைந்தது. சிறுவர்களில் பெரும்பாலோரும் ஓடிவிட்டார்கள். அவர்களை நாம் எளிதில் குறை கூறிவிட முடியாது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அடக்கப்பட்டு இருபது ஆண்டுகள்கூட ஆகாத காலம் அது. வெள்ளைக்காரர் ஒருவர் இரத்தம் சிந்தி விழுந்து கிடக்கும் இடத்தில் நிற்பது இந்தியச் சிறுவனுக்கு விளையாட்டன்று. போலீசார் வந்தால் விபத்து என்று சொல்லிப் பயனிருக்குமா என்பதே ஐயம்.

நரேந்திரன் நின்றான். அவனோடு ஓரிரு நண்பர்களும் நின்றார்கள். தான் உடுத்தியிருந்த துணியைக் கிழித்து மாலுமியின் காயத்தைக் கட்டினான். முகத்தில் நீர் தெளித்து, விசிறிக்கொண்டே இருந்தான். அவருக்கு நினைவு திரும்பியதும் கைத்தாங்கலாக அருகிலிருந்த பள்ளிக்கூடத்திற்கு அழைத்துச் சென்று கிடத்தினார்கள். மித்ரருக்குச் செய்தி பறந்தது. மருத்துவரும் வந்து சேர்ந்தார். ஏறத்தாழ ஒரு வார காலம் அவருக்குப் பணிவிடை நடந்தது. அவர் குணமடைந்து புறப்பட்டபோது, நரேந்திரன் நண்பர்களிடமெல்லாம் சிறு சிறு தொகையாகத் திரட்டி ஒரு பணமுடிப்பை அவருக்கு வழங்கினான்.

சுவாமி விவேகானந்தரின் வாழ்க்கை வரலாற்றில் சிகாகோவும் கன்னியாகுமரியும் பெறுகின்ற இடத்தை இந்த நிகழ்ச்சி பெறுவதில்லை. ஆயினும் இளைஞர் முகாம் நடத்திப் பழகிய அன்பர்கள் இதனைச் சற்று நின்று படிப்பார்கள் என்று தோன்றுகிறது. நம் பொறுப்பில் வந்த பிள்ளை ஏணியிலிருந்து வழுக்கி விழுகிறான், அல்லது நமக்கு உதவ வந்த ஒருவர் காயப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் மனத்தில் முதலில் எழும் கேள்வி எது? அடிபட்டவருக்கு எப்படி இருக்கிறது என்பதா, இதற்கு யார் பதில் சொல்வது என்பதா? இரண்டாவது கேள்வியும் நியாயமானதே. ஆனால் அதற்கு விடை தேடும் நேரத்தில் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சிறுவனிடம் இருந்ததை வெறும் துணிவு என்று நான் கருதவில்லை. கீழே கிடப்பவர் பிழைப்பார், பிழைக்க வைக்க முடியும் என்ற நம்பிக்கை அவனிடம் இருந்தது. இறந்துவிட்டார் என்று முடிவு கட்டியவர்களால் ஓடத்தான் முடிந்தது.

அந்தப் பணமுடிப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதனை நஷ்டஈடு என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த மனிதர் வழியே சென்றுகொண்டிருந்தவர், கேட்டதற்காக வந்து கைகொடுத்தார், அதனாலேயே அடிபட்டார். காயம் ஆறிவிட்டதால் அவர் செய்ய வந்த உதவி இல்லையென்று ஆகிவிடுமா? நன்றி பாக்கி இருப்பதைச் சிறுவர்கள் உணர்ந்தார்கள்.

காலம் உருண்டது. 1881-இல் நரேந்திரன் ஸ்ரீராமகிருஷ்ணரைச் சந்தித்தார். 1884 பிப்ரவரியில் தந்தை விசுவநாத தத்தர் காலமானார். செல்வமாக வாழ்ந்த குடும்பம் பட்டினியின் வாயிலுக்கு வந்தது. வேலை தேடி வெறும் வயிற்றுடன் வெயிலில் அலைந்த நாட்கள் அவை. 1886 ஆகஸ்ட் 16 அன்று குருதேவர் மகாசமாதி அடைந்தார். தம்மை நாடி வந்த இளைஞர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை அவர் நரேந்திரரிடம் ஒப்படைத்திருந்தார். வராகநகரில், பாழடைந்த ஒரு பழைய வீட்டில் அந்த இளைஞர்கள் ஒன்று சேர்ந்தார்கள். சோற்றுடன் உப்பும் வேகவைத்த கோவை இலையுமே உணவாக இருந்த நாட்கள் உண்டு. வெளியே உடுத்திச் செல்வதற்கென்று எல்லோருக்கும் பொதுவாக ஓர் ஆடை கொடியில் தொங்கும். அத்தகைய வறுமையிலும் அந்தக் குழு சிதறாமல் இருந்ததற்குக் காரணம் நரேந்திரரின் பாட்டும் சிரிப்பும் தியானமும்தான். உடற்பயிற்சிக் கூடத்தில் ஓடாமல் நின்ற அதே சிறுவன் இங்கும் ஓடாமல் நின்றான் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் தாங்கிப் பிடிப்பவனும் ஒரு நாள் விழுவான்.

1890 ஜூலையில் சுவாமிஜி அன்னை ஸ்ரீசாரதா தேவியாரின் ஆசி பெற்று இமயத்தை நோக்கிப் புறப்பட்டார். உடன் வந்தவர் சகோதரச் சீடரான சுவாமி அகண்டானந்தர். கங்காதரர் என்பது அவருடைய முன்னாள் பெயர். பாகல்பூர், வைத்தியநாதம், காசி, அயோத்தி வழியாக நைனிதாலை அடைந்த இருவரும் அங்கிருந்து அல்மோராவுக்குக் கால்நடையாகவே சென்றார்கள். வழியில் காகடிகாட் என்ற இடத்தில், நீரோடைக் கரையில் நின்ற அரசமரத்தடியில் சுவாமிஜி தியானத்தில் அமர்ந்தார். அண்டத்தில் உள்ளதே பிண்டத்திலும் உள்ளது என்ற உண்மை அங்கு அவருக்கு அனுபவமாகத் தெளிந்தது. தம் வாழ்வின் பெரும் புதிர் ஒன்று அந்த மரத்தடியில் அவிழ்ந்ததாக அவர் அகண்டானந்தரிடம் தெரிவித்தார்.

அத்தகைய அனுபவத்திற்குப் பிறகு அவரது நடை தரையிலேயே படாதிருந்திருக்கும் என்றுதான் நாம் எண்ணுவோம். நடந்தது வேறு. அல்மோராவை நெருங்கும் வேளையில் பசியும் களைப்பும் மேலிட, சுவாமிஜி நிலைதடுமாறித் தரையில் சாய்ந்தார். பிரபஞ்சம் முழுவதையும் தன்னுள் கண்ட அந்த உடலுக்கு ஒரு வாய் உணவில்லை. அகண்டானந்தர் பதறிப்போய்த் தண்ணீர் தேடி ஓடினார்.

சாலைக்கு அப்பால் முஸ்லிம்களின் அடக்கத்தலம் ஒன்று இருந்தது. அதனைக் காத்து வந்த பக்கீர் ஒருவரின் குடிசையும் அங்கிருந்தது. துறவி ஒருவர் விழுந்து கிடப்பதைக் கண்ட அவர் தம்மிடமிருந்த ஒரு வெள்ளரிக்காயுடன் வந்தார். அதைக் கையில் வாங்கி உண்ணும் வலிமைகூடச் சுவாமிஜிக்கு இல்லை. வாயில் இடுமாறு வேண்டினார். பக்கீர் தயங்கினார். தாம் ஒரு முஸ்லிம் என்பதைத் தெரிவித்தார். காவி உடுத்தவரின் உதட்டில் தம் கை படலாமா என்ற அச்சம் அவருக்கு. அந்தக் காலத்தில் அது பொருளற்ற அச்சமும் அன்று. அதனால் என்ன, நாம் சகோதரர்கள் அல்லவா என்ற பொருளில் சுவாமிஜி புன்னகையோடு விடையளித்தார். பக்கீர் வெள்ளரிக்காயை ஊட்டினார். சுவாமிஜியின் உடலில் மெல்லத் தெம்பு திரும்பியது.

இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது, இறைவனே பக்கீர் வடிவில் வந்தான் என்று முடித்துவிடுவோர் உண்டு. பக்தி மனத்திற்கு அது இனிமையாக இருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்லும்போது அந்த ஏழை மனிதர் மறைந்துவிடுகிறார். அவர் தம் தயக்கத்தை வென்றதும், தம் உணவைக் கொடுத்ததும் மறைந்துவிடுகின்றன. சுவாமிஜி அவரை அவ்வாறு மறைத்துவிடவில்லை. அது எப்படி என்பது ஏழு ஆண்டுகளுக்குப் பிறகே தெரிய வந்தது.

அந்த ஏழு ஆண்டுகளுக்குள் இன்னொரு முறையும் அவர் இதே போன்ற நிலையை அடைந்தார். 1893 மே 31 அன்று அவர் பம்பாயிலிருந்து கப்பலேறியதற்குப் பின்னால் சென்னை இளைஞர்களின் உழைப்பு இருந்தது. அளசிங்கப் பெருமாளும் அவருடைய தோழர்களும் வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டினார்கள். ஜூலை இறுதியில் சிகாகோவை அடைந்த பின்னரே, சர்வமத மகாசபை செப்டம்பரில்தான் கூடும் என்பதும், அறிமுகச் சான்று இல்லாதவர் அதில் பேச இயலாது என்பதும் அவருக்குத் தெரிந்தன. கைப்பணம் கரைந்தது. செலவு குறையும் என்று பாஸ்டன் பக்கம் சென்றபோது, ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் அவருடைய தகுதியை உணர்ந்து அறிமுகக் கடிதமும் ரயில் பயணத்திற்கு ஏற்பாடும் செய்து தந்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிச் சிகாகோவில் வந்து இறங்கியபோது, தாம் செல்ல வேண்டிய அலுவலகத்தின் முகவரி எழுதிய தாள் தொலைந்து போயிருந்தது. ஊசி தொலைவது போல, சாவி தொலைவது போல, மிகச் சாதாரணமான இழப்பு. ஆனால் தம்மை நம்பி அனுப்பிய இளைஞர்களின் உழைப்பு முழுவதும் அந்தத் துண்டுத் தாளில் தொங்கிக்கொண்டிருந்தது. வழி கேட்டும் பயனில்லை. அன்றிரவு ரயில் நிலையச் சரக்குப் பகுதியில் கிடந்த ஒரு காலிப் பெட்டியினுள் படுத்து உறங்கினார். மறுநாள் காலை, இந்தியத் துறவியின் வழக்கப்படி வீடு வீடாக உணவு கேட்டுச் சென்றார். அவருடைய கசங்கிய ஆடையைக் கண்டு கதவுகள் சாத்தப்பட்டன. இனி நடக்க இயலாது என்ற நிலையில், நடப்பது நடக்கட்டும் என்று இறைவனிடம் விட்டுவிட்டுச் சாலையோரத்தில் அமர்ந்துவிட்டார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஜார்ஜ் ஹேல் என்பவரின் மனைவி வெளியே வந்து, அவர் சர்வமத மகாசபைக்கு வந்த பிரதிநிதியா என்று விசாரித்தார். வீட்டிற்குள் அழைத்து உணவளித்துத் தாமே அவரை மகாசபை அலுவலகத்திற்கு இட்டுச் சென்றார். செப்டம்பர் 11 அன்று நிகழ்ந்ததை உலகறியும். ஹேல் குடும்பத்தைச் சுவாமிஜி தம் இறுதி வரை தம் குடும்பமாகவே கருதினார். அம்மையாரை அன்னை என்றே அழைத்தார்.

1897 ஜனவரியில் சுவாமிஜி தாயகம் திரும்பினார். பாம்பனில் தொடங்கிய வரவேற்பு கல்கத்தா வரை ஓயவில்லை. மே 1 அன்று பலராம் போஸின் இல்லத்தில் ராமகிருஷ்ண மிஷன் என்ற அமைப்பு உருவானது. ஓயாத பயணத்தால் உடல்நலம் குன்றியிருந்ததால் அதே மாதம் அல்மோராவுக்குப் புறப்பட்டார். ஏழு ஆண்டுகளுக்கு முன் பெயரறியாத துறவியாக நுழைந்த ஊரில் இப்போது வீதிகள் அலங்கரிக்கப்பட்டிருந்தன. அவரைக் காண மக்கள் திரண்டு நின்றார்கள்.

அந்தக் கூட்டத்தில் அவருடைய பார்வை ஒரு முகத்தில் நின்றது. அடக்கத்தலத்தைக் காத்த அதே பக்கீர். சுவாமிஜி அவரை அருகில் அழைத்தார். ஒரு காலத்தில் தம் உயிரைக் காத்தவர் இவர் என்று சூழ்ந்திருந்தோருக்கு அறிமுகப்படுத்தினார். பிறகு அவருக்குக் கொஞ்சம் பணமும் கொடுத்தார்.

ஒரு வெள்ளரிக்காயின் விலை எவ்வளவு இருந்திருக்கும்? சுவாமிஜி ஆசி வழங்கியிருந்தாலே போதும், ஊரார் மனம் குளிர்ந்திருக்கும். ஆனால் அவருக்கு அந்த மனிதரின் வறுமையும் நினைவிருந்தது. மாலுமிக்காக நண்பர்களிடம் சில்லறை திரட்டிய சிறுவனின் கைதான் இப்போதும் நீண்டது.

அன்று தண்ணீர் தேடி ஓடிய அகண்டானந்தர் இந்த வரவேற்பில் இல்லை. அதே 1897 மே மாதத்தில், வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் மகுலா என்ற சிற்றூரில் பஞ்சத்தால் வாடிய மக்களுக்கு அவர் அரிசி வழங்கிக்கொண்டிருந்தார். கையில் பொருள் இல்லாத நிலையில், பசித்தவர்களை விட்டுப் போக மனமின்றி அங்கேயே தங்கிவிட்டவர் அவர். துணைக்கு மடத்திலிருந்து இருவரைச் சுவாமிஜி அனுப்பச் செய்தார். அல்மோராவிலிருந்து அவருக்கு ஊக்கமூட்டும் கடிதங்களும் எழுதினார்.